பதில் வராத நிமிடங்கள்: காட்டுத்தீ அணிகளுக்கு ரேடியோ ஏற்பாடு செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காட்டுத்தீயை அணைக்கப் போகும் அணிகளுக்கு எந்த வயர்லெஸ் செட் வாங்குவது, எந்தச் சானலை யாருக்குக் கொடுப்பது, குரலை வாங்கித் தூரத்துக்குத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரை எந்த முகட்டில் வைப்பது என்றெல்லாம் முடிவு செய்பவர்கள் நீங்கள். அந்தச் செட்டை மார்பில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறியவர்களில் ஒருவன் நான். பிற்பாடு சில தீக்காலங்களில் அணிகளின் ரேடியோக்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் வேலையும் பார்த்தேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

எங்களிடம் ரேடியோ இல்லை என்பது என் குறை அல்ல. இருக்கிறது, நல்ல செட்தான். நாங்கள் பேசியது யாருக்காவது கேட்டதா என்று தெரியாமல் போகும் நிமிடங்களைப் பற்றித்தான் இந்த மடல்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். செங்குத்தான பள்ளத்தாக்கு ஒன்றில் பன்னிரண்டு பேர் தீத்தடுப்புக் கோடு, அதாவது தீ தாண்டாதபடி செடிகொடிகளை அகற்றிய வெற்று நிலப்பட்டை, வெட்டிக்கொண்டிருந்தோம். முந்தின நாள்தான் புதுச் செட்களைக் கையில் கொடுத்திருந்தார்கள். நாலு மணி வாக்கில் காற்று திரும்பியது. புகை எங்கள் பக்கம் சாயத் தொடங்கியதும் அணித் தலைவர் செட்டை எடுத்து, கோட்டை விட்டு விலகுகிறோம், ஏற்கெனவே எரிந்து கரிந்து கிடக்கும் நிலத்துக்குப் போகிறோம் என்று சொன்னார். பதில் இல்லை. மறுபடியும் சொன்னார். இல்லை. ஆனால் செட் ஊமையாக இருக்கவில்லை. தண்ணீர் லாரிக்காரர் எந்தப் பாதையில் வருவது என்று கேட்கிறார், அதற்கு ஒருவர் வழி சொல்கிறார், அடுத்த மேட்டில் இருக்கும் அணி குழாய் கேட்கிறது. எல்லோர் குரலும் தெளிவாக விழுகிறது. அதனால் எங்கள் குரலும் அவர்களுக்கு விழும் என்று நம்பிவிட்டோம். "மேலே எல்லாரும் வேலையா இருக்காங்க போல" என்றார் என் பக்கத்தில் நடந்தவர். மூன்றாம் முறையும் சொல்லிவிட்டு நடையைக் கட்டினோம்.

கரிந்த நிலத்துக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தோம். இருட்டிய பிறகு முகாமுக்குத் திரும்பியபோதுதான் விஷயம் தெரிந்தது. நாங்கள் சொன்ன ஒரு வார்த்தைகூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. முகாமில் இருந்தவர்கள் நாங்கள் இன்னும் கோட்டில்தான் நிற்கிறோம் என்று நினைத்து, எங்களைத் தேடி அந்தச் சரிவுக்கே இரண்டு பேரை அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் விட்டு வந்த கோடு அப்போது தீக்குள் இருந்தது. அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். அன்று இரவு அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குக் கூசியது.

காரணம் சின்னது. ரிப்பீட்டர் என்பது ஒரு அலைவரிசையில் வரும் குரலை வாங்கி, இன்னொரு அலைவரிசையில் உயரத்திலிருந்து திருப்பி ஒலிபரப்பும் கருவி. கண்ட கண்ட சத்தத்துக்கெல்லாம் அது திறந்துகொள்ளாமல் இருக்க, குரலோடு கூடவே காதில் பிடிபடாத ஒரு மெல்லிய தொனியும் வர வேண்டும் என்று அதற்குச் சொல்லி வைத்திருப்பார்கள். 67 ஹெர்ட்ஸில் தொடங்கி 254 ஹெர்ட்ஸ் வரை இந்தத் தொனிகளில் பல உண்டு. சரியான தொனி வந்தால்தான் கதவு திறக்கும். எங்கள் புதுச் செட்களில் அலைவரிசை சரியாக இருந்தது, தொனியைப் பதிய மறந்திருந்தார்கள். ஆகவே ரிப்பீட்டர் பேசியது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் பேசியது ரிப்பீட்டரைத் திறக்கவில்லை. ரேடியோவில் வரும் கோளாறுகளிலேயே நான் அதிகம் அஞ்சுவது இதுதான். செட் முழுக்கச் செத்துப்போனால் கையில் இருப்பவனுக்கு உடனே தெரியும். இது உயிரோடு இருப்பது போலவே நடிக்கும்.

இந்தப் பிழை எங்களுக்கு மட்டும் வந்ததில்லை. 2013 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யார்னெல் ஹில் தீயில் கிரானைட் மவுண்டன் என்ற தீயணைப்பு அணியைச் சேர்ந்த 19 பேர் இறந்தார்கள். பிறகு வந்த விசாரணை அறிக்கையில், அன்று சில ரேடியோக்களில் தொனி சரியாகப் பதியப்படவில்லை, அணியினர் அதைக் கண்டுபிடித்து ஏதோ மாற்று வழி செய்து பேசிக்கொண்டிருந்தார்கள் என்று இருக்கிறது. அந்தப் பிழைதான் அவர்கள் உயிரைப் பறித்தது என்று நான் சொல்ல வரவில்லை, அறிக்கையும் அப்படிச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது வேறு. மாலை நாலு மணிக்குப் பிறகு ஏறத்தாழ 33 நிமிடங்கள் அந்த அணியிடமிருந்து உறுதி செய்யத்தக்க பேச்சு எதுவும் பதிவாகவில்லை. அந்த இடைவெளியில் அவர்கள் கரிந்த நிலத்தை விட்டு இறங்கியிருக்கிறார்கள். எந்த வழியாக, எதற்காக என்பது மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கடைசியில் அவர்கள் அழைத்தபோது, தீயடக்கும் மருந்தை நிரப்பிய மாபெரும் விமானம் ஒன்று மேலேயே வட்டமிட்டுக்கொண்டிருந்தது. எங்கே கொட்டுவது என்று அதற்குத் தெரியவில்லை. அந்த வரியை வாசித்த பிறகு வெகு நேரம் நான் அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

இங்கேதான் என் கோரிக்கையின் மையம். பேச்சு நின்றுபோனால் அதையே ஒரு அபாய அறிவிப்பாக எடுத்துக்கொள்ளும் விதி வேண்டும். காகிதத்தில் அது ஏற்கெனவே இருக்கிறது. காட்டுத்தீ வேலையில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய 18 சூழல்கள் என்று அமெரிக்காவில் ஒரு பட்டியல் உண்டு. அணியினரோடோ மேலதிகாரியோடோ தொடர்பு இல்லாத நிலை அதில் ஒன்று. 1957-இல் வகுத்த 10 கட்டளைகளிலும், உன் ஆட்களோடும் மேலதிகாரியோடும் பக்கத்து அணியோடும் உடனுக்குடன் தொடர்பில் இரு என்று ஒரு கட்டளை வருகிறது. 1991-இல் பால் கிளீசன் என்ற அணித் தலைவர் அத்தனையையும் நான்கு சொற்களில் சுருக்கினார்: கண்காணிப்பாளர், தகவல் தொடர்பு, தப்பும் வழி, பாதுகாப்பான இடம். இவற்றில் ஒன்று கழன்றாலும் மற்ற மூன்றும் ஆட்டம் காணும். கண்காணிப்பாளர் மேட்டில் நின்று தீயைப் பார்த்துவிட்டார் என்று வையுங்கள், அவர் குரல் கீழே எட்டவில்லை என்றால் அவர் பார்த்து என்ன பயன்?

ஆனால் நடைமுறையில் பதில் வராவிட்டால் என்ன நடக்கிறது? "பிஸியாக இருப்பார்கள்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்கிறோம். முகாமிலும் அதேதான். ஒரு அணி அரை மணி நேரமாகப் பேசவில்லை என்றால் "வேலை நடக்கிறது, தொந்தரவு செய்ய வேண்டாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு பக்கமும் நல்லெண்ணத்தோடு மௌனமாக இருக்கிறோம். இதை மாற்ற எந்தச் செட்டாலும் முடியாது, உங்கள் உத்தரவால்தான் முடியும். குறித்த நேரத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு அணியும் தான் இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும், முகாம் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை என்றால் அணி வேலையை நிறுத்திவிட்டுப் பாதுகாப்பான இடத்துக்கு நகர வேண்டும், யாரிடமும் அனுமதி கேட்காமல். அப்படி நகர்ந்ததற்காக மறுநாள் யாரும் அவர்களை நிற்க வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது. கடைசியில் சொன்னதுதான் மிக முக்கியம். கோட்டை விட்டு வந்ததற்காக ஏச்சு வாங்கிய அணி அடுத்த முறை பத்து நிமிடம் கூடுதலாக நிற்கும். அந்தப் பத்து நிமிடத்தில் தீ எவ்வளவு தூரம் ஏறும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. சரிவு பத்து டிகிரி கூடினால் மேலேறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும்.

அப்புறம், முகாமில் கேட்பதற்கென்றே ஒரு ஆள் வேண்டும். தீயின் பொறுப்பாளரே நாலு சானலைக் காதில் வைத்துக்கொண்டு, வரைபடத்தையும் பார்த்துக்கொண்டு, விமானத்தோடும் பேசிக்கொண்டு நிற்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவர் கெட்டிக்காரர்தான், ஆனால் அவருக்கும் இரண்டு காதுதான்.

கருவி வேலை செய்தும் செய்தி போய்ச் சேராத கதையும் உண்டு. 1994 ஜூலை 6, கொலராடோவில் ஸ்டார்ம் கிங் மலை, சவுத் கேன்யன் தீ. குளிர்ந்த காற்றுமுகம் ஒன்று வருகிறது, பலத்த காற்றடிக்கும் என்று வானிலைத் துறை எச்சரித்திருந்தது. சரிவில் கோடு வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த எச்சரிக்கை போகவில்லை. காற்று வந்தது, 14 பேர் இறந்தார்கள். அவர்களிடம் ரேடியோ இருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு மட்டும் பதில் இல்லாமல் போனது. அதனால் கேட்கிறேன்: வானிலை எச்சரிக்கை வந்தால் அதைச் சரிவில் இருக்கும் கடைசி அணி வரை கொண்டுபோய்ச் சேர்த்து, "கிடைத்தது" என்று ஒவ்வொருவரிடமும் வாங்க வேண்டியவர் யார்? உங்கள் தகவல் தொடர்புத் திட்டத் தாளில் அலைவரிசைகள் இருக்கின்றன. அதே தாளில் அந்த ஆளின் பெயருக்கும் ஒரு கட்டம் போடுங்கள்.

இன்னும் பின்னால் போனால் 1949 ஆகஸ்ட் 5, அமெரிக்காவின் மொன்டானாவில் மான் கல்ச் பள்ளத்தாக்கில் தீ. விமானத்திலிருந்து 15 பேர் பாராசூட்டில் குதித்தார்கள். அவர்களோடு போட்ட ரேடியோவின் பாராசூட் மட்டும் விரியவில்லை, செட் பாறையில் விழுந்து நொறுங்கியது. மொத்த அணிக்கும் அந்த ஒன்றுதான். அன்று 13 பேர் இறந்தார்கள். ரேடியோ இருந்திருந்தால் பிழைத்திருப்பார்களா, யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஒரே ஒரு செட்டை நம்பி ஒரு அணியை அனுப்பக் கூடாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இன்றும் சில இடங்களில் அணித் தலைவரிடமும் துணைத் தலைவரிடமும் மட்டும்தான் செட் இருக்கிறது. அறுபது அடி தள்ளி மரம் அறுப்பவனுக்குக் கை தட்டித்தான் கூப்பிட வேண்டும். இரைச்சலில் கைதட்டல் எங்கே கேட்கும்? ஒவ்வொருவர் மார்பிலும் ஒரு செட் இருக்கட்டும். எல்லோரும் பேச வேண்டியதில்லை, எல்லோருக்கும் கேட்க வேண்டும்.

சரி, இனி வாங்கும் விஷயத்துக்கு வருகிறேன். விற்பனையாளர்கள் உங்களிடம் டிஜிட்டல் செட்டைக் காட்டுவார்கள். அலுவலக அறையில் அதன் ஒலி கண்ணாடி மாதிரி இருக்கும். டிஜிட்டலில் நன்மைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சிக்னல் தேயும் ஓரத்தில் அதுவும் பழைய அனலாக் செட்டும் நடந்துகொள்ளும் விதம் வேறு. அனலாக் செட்டில் இரைச்சல் மெல்ல மெல்லக் கூடும், அந்தச் சரசரப்புக்குள்ளிருந்தும் பழகிய காது "மேற்கே" என்ற ஒரு சொல்லைப் பிடித்துவிடும். டிஜிட்டல் ஒரு கட்டம் வரை தெளிவாக இருந்துவிட்டுச் சட்டென்று அறுந்துபோகும். பக்கத்தில் மரம் அறுக்கும் இயந்திரம் ஓடினால், குரலைப் பகுத்துச் சுருக்கும் அதன் நிரல் எது குரல், எது இயந்திரம் என்று குழம்பி, புரியாத உளறலை அனுப்புவதும் உண்டு. முகாமுக்கும் தலைமையகத்துக்கும் எதை வேண்டுமானாலும் வையுங்கள். சரிவில் ஆளுக்கு ஆள் பேசும் நேரடிச் சானலை அனலாக்காகவே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. வாங்கும் முன் ஓடும் ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்று ஒரு முறை பேசிப் பாருங்கள்.

பேட்டரியும் அப்படித்தான். சார்ஜ் போடும் பேட்டரி மட்டும் உள்ள செட் மூன்றாம் நாள் மலையில் வெறும் எடை. கடையில் கிடைக்கும் சாதாரண ஏஏ பேட்டரிகளைப் போடும் கூடும் சேர்ந்தே வர வேண்டும். கையுறையைக் கழற்றாமல், இருட்டில், அந்தக் கூட்டைத் திறந்து பேட்டரிகளை மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். எனக்கு ஒரு முறை முடியவில்லை. ஒரு பேட்டரி சாம்பலுக்குள் உருண்டு போய்விட்டது, கைவிளக்கை வாயில் கவ்விக்கொண்டு தேடினேன்.

ஆன்டெனாவையும் குட்டையாக வாங்காதீர்கள். காட்டில் பெரும்பாலும் பயன்படும் விஎச்எஃப் அலைவரிசை 150 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அதன் அலைநீளம் 2 மீட்டர். அதில் கால் பங்கு, அதாவது அரை மீட்டர் நீளமுள்ள ஆன்டெனா நன்றாக வேலை செய்யும். இடுப்பில் அழகாகத் தொங்கும் கட்டைவிரல் நீள ஆன்டெனா செட் அனுப்பும் 5 வாட் ஆற்றலில் பெரும்பகுதியை வீணடித்துவிடும், மீதியில் கொஞ்சத்தை நம் உடம்பே குடித்துவிடும். 2 மீட்டர் என்ற அந்தக் கணக்கை ஒவ்வொரு அணியிலும் ஒருவராவது தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஏனென்றால் பாறையில் பட்டுத் திரும்பும் அலையும் நேராக வரும் அலையும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும் இடத்தில் நின்றால் செட் ஊமையாகிவிடும். அங்கிருந்து இரண்டு எட்டு நகர்ந்து, செட்டை முகத்துக்கு நேரே செங்குத்தாகப் பிடித்தால் அதே செட் பேசும். இது தெரியாமல் ஒரே இடத்தில் நின்று கத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேசும் பழக்கத்தைப் பற்றியும் ஒன்று. பொத்தானை அழுத்தியவுடன் பேசினால் ரிப்பீட்டர் திறப்பதற்குள் முதல் சொல் தொலைந்துவிடும். ஒரு நொடி பொறுக்க வேண்டும் என்று எல்லாப் பயிற்சியிலும் சொல்கிறார்கள். ஆனால் தமிழ் பேசும் அணிகளில் அதைவிட ஆபத்தானது பேச்சின் முடிவு. நம் மொழியில் "வேண்டாம்" கடைசியில்தான் வரும். "கீழே இறங்க வேண்டாம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் எழுந்துவிட்டால் அந்தப் பக்கம் கேட்பது "கீழே இறங்க". இதற்குப் பிறகு யோசிக்கவே பயமாக இருக்கிறது. அதனால் நான் பழக்கிவிட்ட அணிகளில் தடுப்புச் சொல்லை முதலில் வைக்கச் சொல்வேன்: "நில்லுங்கள். மேலேயே நில்லுங்கள். கீழே பாதை இல்லை." கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குறியீட்டு எண்கள் வேண்டாம், எல்லோருக்கும் புரியும் பேச்சுச் சொல் போதும். ஒரு தீயில் நாலைந்து துறைகள் சேரும்போது ஒருவர் எண் இன்னொருவருக்கு வேறு பொருள் தரும்.

இடம் தெரிவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யார்னெலுக்குப் பிறகு 2019-இல் அமெரிக்காவில் வந்த ஒரு சட்டம், பெருந்தீயில் வேலை செய்யும் அணிகள் எங்கே நிற்கின்றன என்று கண்காணிக்கும் ஏற்பாட்டை உருவாக்கச் சொன்னது. கருவிகள் இன்று கிடைக்கின்றன. வாங்குங்கள். ஆனால் திரையில் ஒரு புள்ளி தெரிகிறது என்பதற்காக அந்த அணியைக் கூப்பிட்டுப் பேசுவதை நிறுத்திவிடாதீர்கள். செல்போன் இருக்கிறதே என்றும் யாரோ சொல்வார்கள். கோபுரம் எரியும், மின்சாரம் போகும். அதோடு போனில் ஒருவரிடம்தான் பேச முடியும். ரேடியோவில் ஒரு அணிக்குச் சொல்லும் எச்சரிக்கையைப் பக்கத்துச் சரிவில் இருப்பவனும் கேட்டுத் தப்பித்துக்கொள்வான்.

கடைசியாக, ரிப்பீட்டர் எட்டாத பள்ளங்கள். எல்லா மலையிலும் அவை உண்டு. தீக்காலம் வருவதற்கு முன்பே அவற்றைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறித்துவைக்க முடியும். அந்தப் பள்ளத்துக்குள் ஒரு அணி இறங்கினால், இரண்டு பக்கமும் குரல் எட்டும் முகட்டில் ஒரு ஆள் செட்டோடு உட்கார்ந்து வாய்ச்சொல்லைக் கடத்தித் தர வேண்டும். நான் அந்த வேலை செய்திருக்கிறேன். வெட்டுவதில்லை, அறுப்பதில்லை, நாள் முழுக்கக் கேட்டதைச் சொல்லிக்கொண்டிருப்பது மட்டும்தான். ஆட்கணக்கில் அது வீண் என்று எழுதி, அந்த ஆளைக் கோடு வெட்ட அனுப்பிவிடுகிறார்கள். தயவு செய்து அதைச் செய்யாதீர்கள்.

இந்த வரைபடம் இன்று எங்கள் பலருடைய தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. நாங்கள் ஓய்வு பெற்றால் அதுவும் போய்விடும். மழை முடிந்து புல் காய்வதற்கு முன் ஒரு நாள் எங்களோடு வாருங்கள். வண்டியை முகட்டில் நிறுத்திவிட்டு, செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்குவோம். நூறு அடிக்கு ஒரு முறை பொத்தானை அழுத்தி முகாமைக் கூப்பிடுங்கள். பதில் வராத முதல் இடத்தில் நின்று, வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியை நீங்களே உங்கள் கையால் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்டுத்தீ அணிகளோடு ரேடியோ சுமந்த ஒருவன்